கையா, தண்ணியா?

வானொலிக்காரனுக்கு எதற்குச் சவரம் என்று என்னைக் கேலி செய்யாதவர்கள் குறைவு. அதிகாலை நிகழ்ச்சி செய்கிறவன் நான். மூன்றே முக்காலுக்கு எழுந்து, முகத்தில் நுரை பூசி, மழித்து, கழுவி, நாலரைக்குள் கோலசிலாங்கூர் வீட்டை விட்டுக் கிளம்பி லத்தார் நெடுஞ்சாலையைப் பிடிக்க வேண்டும். “ரேடியோவுல மூஞ்சி தெரியுமாடா?” என்று அம்மா இன்றுவரை கேட்கிறார். நான் பதில் சொல்வதில்லை. அப்பாதான் சொல்வார். “பெரட்டுக்கு நிக்கறப்பவே மூஞ்சி சுத்தமா இருக்கணும். இவன் எத்தனை பேர் வீட்டுக்குள்ள போறான்!”

அப்பாவுக்கு 68 வயது. பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, அங்கேயே பால்மரம் வெட்டி, பிறகு செம்பனைக் குலை அறுத்து, கடைசியில் ஒரு தொழிற்சாலையில் காவல் வேலை பார்த்து ஓய்ந்தவர். அந்த ஊருக்கு 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிவிட்டார்கள். பழைய மலாய்ப் பெயரின் பொருள் கேட்டவர்களுக்குச் சிரிப்பை மூட்டியது என்பது ஒரு காரணம். அப்பா இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வார், சிரிக்காமல்.

அவரிடம் ஒரு மங்குக் கிண்ணம், ஒரு பிரஷ், இரண்டு பக்கமும் வெட்டுகிற பிளேடு மாட்டும் பழைய ரேசர், ஒரு வட்டச் சோப்பு. ஐம்பது ஆண்டுகளாக இந்த நான்கும்தான். கிண்ணத்தில் அவர் நுரை எழுப்புவதைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன். பிரஷைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, உதறி, சோப்பின் மேல் வட்டமாகச் சுற்றி, இரண்டு சொட்டுத் தண்ணீர், மறுபடி சுற்று, மறுபடி இரண்டு சொட்டு. தயிர் மாதிரி ஆனதும் கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டுவார். நுரை விழாது. சின்ன வயதில் எனக்கு அது மந்திர வேலை.

போன மாசியில் குலதெய்வக் கும்பிடுக்கு அப்பாவைத் தமிழ்நாட்டுக்கு அழைத்துப் போனேன். தாத்தா புறப்பட்டு வந்த ஊர் லால்குடிக்கு வடக்கே, டால்மியாபுரம் போகிற பக்கம். டால்மியாபுரம் என்றால் பெரியவர்களுக்கு உடனே ஞாபகம் வரும். 1953-இல் கல்லக்குடி என்று பெயர் மாற்றக் கேட்டுக் கருணாநிதி தண்டவாளத்தில் படுத்த ஊர் அதுதான். எங்கள் குடும்பத்துக்குப் பெயர் மாறும் ஊர்களோடு ஏதோ பந்தம் இருக்கிறது.

பெரியப்பா வீட்டில் தங்கினோம். அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணன் வீடு. முதல் நாள் காலை, கொல்லைப்புறத் துவைகல்லில் கண்ணாடியைச் சாய்த்து வைத்து அப்பா கிண்ணத்தை எடுத்தார். போர் குழாயில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வெதுவெதுப்பாக்கிக் கொடுத்தேன். அவர் பிரஷைச் சுற்றினார். சுற்றிக்கொண்டே இருந்தார்.

நுரை வரவில்லை. சாம்பல் நிறத்தில் திரி திரியாக, திரிந்த பால் மாதிரி ஏதோ கிண்ணத்தின் ஓரத்தில் ஒட்டியது. இன்னும் சோப்பு சேர்த்தார். கொஞ்சம் குமிழி எழுந்து, முகத்தில் பூசுவதற்குள் அடங்கிவிட்டது. அப்படியே மழிக்க ஆரம்பித்தார். தாடைக்குக் கீழே ஒரு வெட்டு, மேலுதட்டில் இன்னொன்று.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு வருடமாக அப்பாவின் வலது கையில் லேசான நடுக்கம். மருத்துவர் பார்த்துவிட்டு, வயதோடு வருகிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றார். அப்பா அதைப் பற்றி வீட்டில் பேசியதே இல்லை. தேநீர்க் குவளையை இரண்டு கையாலும் பிடிக்க ஆரம்பித்ததை மட்டும் நாங்கள் கவனித்திருந்தோம்.

ரத்தத்தைத் துண்டால் ஒற்றிக்கொண்டு, கிண்ணத்தைப் பார்த்துச் சொன்னார்: “நுரைகூட அடிக்க வரல. கை போச்சுடா.”

நான் அப்போது சொன்ன வார்த்தைக்காக இன்னும் வெட்கப்படுகிறேன். “விடுங்கப்பா, நான் செஞ்சு விடறேன்” என்றேன். அன்போடுதான் சொன்னேன். அவர் காதில் அது தீர்ப்பாக விழுந்திருக்கும். பேசாமல் ரேசரைக் கழுவி உறையில் போட்டார். மறுநாள் தாடியோடு கோயிலுக்கு வந்தார். எனக்கு நினைவு தெரிந்து, ஒரு நல்ல காரியத்துக்கு அப்பா மழிக்காத முகத்தோடு வந்தது அதுதான் முதல் தடவை. லால்குடி கடைவீதியில் ஒரு டப்பா நுரை வாங்கிக் கொடுத்தேன். அமுக்கினால் புஸ்ஸென்று வருமே, அது. உள்ளங்கையில் பார்த்துவிட்டு, “இது என்ன, கேக்குல போடறதா?” என்றார். அதோடு சரி.

மூன்றாம் நாள் பெரியம்மா என்னைக் கேட்டார்: “ஏன் ராசா, அப்பாவுக்கு ஒடம்பு சரியில்லையா? மொகமே வாடிக் கெடக்கு.” நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவே இல்லை, கோபப்பட்டார். “உப்புத் தண்ணில சோப்பு போட்டா எங்கேருந்து நுரை வரும்? ஒரு வார்த்தை என்ட்ட கேக்கறதுக்கு என்ன?”

அந்த வீட்டில் இரண்டு தண்ணீர். போர் போட்டு எடுப்பது உப்புத் தண்ணீர். துணி, பாத்திரம், மாடு எல்லாவற்றுக்கும் அது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தெருக்குழாயில் வருகிற ஆற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் அது. பருப்பை உப்புத் தண்ணீரில் போட்டால் மூன்று விசில் விட்டாலும் விரையாக நிற்கும் என்றார் பெரியம்மா. தலைக்குச் சீயக்காய், அரப்பு. “சோப்பெல்லாம் இந்தத் தண்ணிக்கு நிக்காது. எங்க அத்தை காலத்துலேருந்து தெரிஞ்சதுதானே.” ஊருக்கே தெரிந்த விஷயம். மீடியா படித்த எனக்குத்தான் தெரியவில்லை.

காரணத்தை அப்புறம் தேடிப் படித்தேன். படித்தபோது பள்ளியில் இதே பாடத்தை மனப்பாடம் செய்து 'ஏ' வாங்கியது ஞாபகம் வந்தது.

மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு லேசான புளிப்போடு பூமிக்குள் இறங்குகிறது. அங்கே சுண்ணாம்புப் பாறை இருந்தால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, கால்சியத்தையும் மக்னீசியத்தையும் சேர்த்துக்கொள்கிறது. அதுதான் கடினநீர். டால்மியாபுரத்துக்கு 1939-இல் சிமெண்ட் ஆலை வந்ததே அந்தச் சுண்ணாம்புக்கல்லுக்காகத்தான். சுமார் பத்து கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தப் பக்கம் கடலாக இருந்தது. கிளிஞ்சலும் பவளமும் படிந்து பாறையாகிவிட்டது. அரியலூர் வட்டாரத்தில் தோண்டினால் இன்றும் கடல் உயிர்களின் கல்லான எச்சங்கள் கிடைக்கின்றன. பெரியப்பா வீட்டுப் போர் குழாயில் வருவது அந்தக் கடலின் கரைசல் என்று சொன்னால் அவர் நம்பமாட்டார். எனக்கே நம்பக் கஷ்டமாகத்தான் இருந்தது.

நமக்கு விளங்க வேண்டுமானால் பத்துமலையை நினைத்துக்கொள்ளுங்கள். 272 படி ஏறி உள்ளே போனால் கூரையிலிருந்து கல் விழுதுகள் தொங்குகின்றனவே, அவை சுண்ணாம்பைக் கரைத்து வந்த நீர் சொட்டுச் சொட்டாக விட்டுப்போனது. தமிழ்நாட்டு வீடுகளில் வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுவும் அதேதான். பானைக்குள் ஒரு குட்டிப் பத்துமலை.

சரி, சோப்புக்கு என்ன ஆகிறது? சோப்பு என்பது எண்ணெயிலிருந்து வந்த கொழுப்பு அமிலத்தோடு சோடியமோ பொட்டாசியமோ சேர்ந்தது. சவரச் சோப்பில் ஸ்டியரிக் அமிலம் அதிகம். அதனால்தான் நுரை கெட்டியாக நிற்கிறது. இந்தச் சோப்பு கால்சியத்தைக் கண்டால் சோடியத்தை விட்டுவிட்டு அதோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் தண்ணீரில் கரையாத பிசுக்காகிவிடும். அப்பாவின் கிண்ணத்தில் பார்த்த சாம்பல் நிறத் திரி அதுதான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள தண்ணீர், ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 2 கிராம் சோப்பை நுரைக்கு விடாமல் விழுங்கிவிடும். போதாததற்கு, அந்தப் பிசுக்குத் துகள்கள் எழுந்த குமிழிகளையும் உடைக்கும். அப்பா சோப்பு சேர்க்கச் சேர்க்கப் பிசுக்கும் சேர்ந்துகொண்டே போனதன் காரணம் இது.

இதில் அழுக்கு, ஆரோக்கியக் கேடு என்று எதுவும் இல்லை. கடினநீர் குடிப்பதற்குப் பயப்பட வேண்டிய தண்ணீர் அல்ல. இந்தியத் தர அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை சரி என்கிறது. வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை விடுகிறது. மலேசியாவில் மேல்வரம்பு 500. ஆனால் 180-ஐத் தாண்டினாலே மிகக் கடினம் என்பது பொதுவான கணக்கு. குடிக்கிறவருக்குப் பிரச்சினை இல்லாத தண்ணீர், நுரை அடிக்கிறவருக்குப் பிரச்சினையாக இருக்கலாம்.

சீயக்காய் ஏன் தப்பிக்கிறது? அதில் நுரைப்பது சோப்பு அல்ல, சாப்பொனின் என்ற வேறு பொருள். கால்சியத்தோடு அதற்குச் சண்டை இல்லை. பூந்திக்கொட்டையும் அப்படியே. சலவைத் தொழிலாளர்கள் உவர்மண் போட்டு வெளுத்தார்களே, அந்த மண்ணில் உள்ள சோடா உப்பு தண்ணீரிலிருந்து கால்சியத்தைப் பிரித்து அடியில் தள்ளிவிடும்; பிறகு சோப்புக்கு வழி திறக்கும். பருப்பு வேகாததற்கும் குற்றவாளி கால்சியம்தான். பருப்பைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பெக்டினை அது இறுக்கிவிடுகிறது. பெரியம்மாவின் சமையலறையில் ஒரு வேதியியல் புத்தகமே இருந்தது. எழுதி வைக்கத்தான் ஆள் இல்லை.

இப்போது நம் பக்கம். கோலசிலாங்கூர்க்காரர்கள் திறக்கிற குழாயில் வருவது சிலாங்கூர் ஆறு. தித்திவங்சா மலைத்தொடரில் பிரேசர் மலைப் பக்கம் பிறந்து, கோல குபு பாரு வழியாக இறங்கி, பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்தில் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு உறிஞ்சப்படுகிறது. அந்த மலை கருங்கல். கருங்கல் தண்ணீரில் லேசில் கரையாது. அதனால் ஆறு சுண்ணாம்புச் சுமை இல்லாமல் மென்னீராக வருகிறது. அப்பா ஐம்பது ஆண்டுகள் அடித்த நுரையில் பாதிப் பெருமை அந்தக் கருங்கல்லுக்குப் போக வேண்டும். இதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

தோட்டத்தில் குழாய் வராத காலத்திலும் அவருக்கு நல்ல நுரைதான் கிடைத்திருக்கிறது. லயத்துக் கூரையிலிருந்து வழியும் மழைநீரைத் தோம்பில் பிடித்து வைப்பார்களாம். மழைநீரை விட மென்மையான தண்ணீர் கிடையாது. வடக்கே ராஜா மூசா பக்கத்துச் சதுப்புக் காட்டுத் தண்ணீர், வெறும் தேத்தண்ணி நிறத்தில் ஓடுமே, அதிலும் சுண்ணாம்பு மிகக் குறைவு. சோப்புக்கு அது பகையில்லை. வெள்ளைத் துண்டுதான் பழுப்பாகும்.

எங்கள் பக்கத்தில் நுரை வராத தண்ணீர் கிடையவே கிடையாதா என்றால், உண்டு. கடல் பக்கம் போக வேண்டும். ஊர் திரும்பிய பிறகு ஒரு சனிக்கிழமை நானும் என் மகளும் மூன்று போத்தல் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். ஒன்றில் வீட்டுக் குழாய்த் தண்ணீர். இன்னொன்றில் சாசாரான் பக்கம் நண்பர் வீட்டுப் பழைய கிணற்று நீர். மூன்றாவதில் பாசிர் பெனாம்பாங் படகுத்துறையில் மொண்ட தண்ணீர். மூன்றிலும் பாதி அளவு, ஒரே அளவு சோப்புச் சீவல், மூடிக் குலுக்கு.

குழாய்த் தண்ணீர் போத்தலில் கழுத்து வரை நுரை. கீழே தண்ணீர் ஏறக்குறையத் தெளிவு. கிணற்று நீர் கலங்கி, மேலே மெல்லிய வளையம் மட்டும். படகுத்துறைத் தண்ணீரில் நுரையே இல்லை, வெள்ளைத் துகள் மிதந்தது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 1,300 மில்லிகிராம் மக்னீசியமும் 400 மில்லிகிராம் கால்சியமும் இருக்கின்றன. அது மட்டுமல்ல, உப்பே சோப்பைக் கரையவிடாமல் வெளியே தள்ளும். கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கப் போகிறோமே, அந்தப் பூச்சிகள் தங்கும் பெரெம்பாங் மரங்கள் நிற்பதே கடலும் ஆறும் கலக்கிற சவர்த் தண்ணீரில்தான். குடிநீரை அங்கே எடுக்காமல் மேலே பத்தாங் பெர்ஜுந்தையில் எடுப்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டாம்.

இந்தப் போத்தல் சோதனை என் கண்டுபிடிப்பு அல்ல. ஸ்காட்லாந்தின் அபர்டீனில் இருந்த தாமஸ் கிளார்க் என்ற வேதியியலாளர் 1840-களில் இதைத்தான் முறைப்படுத்தினார். அளந்த தண்ணீரில் சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்குவது. நுரை நிலைத்து நிற்க எத்தனை சொட்டு பிடித்ததோ, அதுதான் கடினத்தன்மையின் கணக்கு. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறையில் செய்து காட்டலாம். வாசனைத் திரவச் சோப்பு வேண்டாம், அது ஏமாற்றும். ஷாம்புவிலும் குளியல் ஜெல்லிலும் பெரும்பாலும் இருப்பது சோப்பு அல்ல, செயற்கைச் சலவைப்பொருள். கடினநீரிலும் நுரைக்கும். சாதாரணக் கட்டிச் சோப்பைச் சீவிப் போடுங்கள்.

அந்தக் கட்டிச் சோப்பின் அட்டையைப் புரட்டிப் பார்த்தால் 'சோடியம் பால்மேட்' என்று இருக்கும். செம்பனை எண்ணெய். சவரச் சோப்பின் ஸ்டியரிக் அமிலத்துக்கும் செம்பனை ஒரு பெரிய மூலம். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் கோலசிலாங்கூர் மாவட்டத்தின் தென்னமாரம். 1917-இல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நட்டது. பெயரைக் கேட்டால் நம் காதில் தென்னமரம் என்றுதான் விழுகிறது. அங்கே வந்ததோ செம்பனை. குலை அறுத்த அப்பாவின் முகத்தில் குலையின் எண்ணெயே நுரையாகத் திரும்பி வந்திருக்கலாம். இதை அவரிடம் சொன்னேன். “அதுக்கும் காசு குடுத்துத்தானே வாங்கினேன்” என்றார்.

எங்கள் ஊரில் நான் முடி வெட்டும் கடையில் வேலை செய்கிற தம்பி துறையூர்ப் பக்கத்துக்காரர். அவரிடம் கதையைச் சொன்னதும் கத்தரியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். “எனக்கு நேர்மாறு அண்ணே. வந்த புதுசுல ஊர்ல போடற அளவு கிரீம் போட்டேன். நுரை கஸ்டமர் காதுக்குள்ள போயிருச்சு. கழுவக் கழுவ வழவழன்னே இருந்துச்சு. சோப்பு போகவே மாட்டேங்குதேன்னு முதலாளிகிட்ட கேட்டேன்.” தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர்கள் நம் குளியலறையில் சொல்கிற அதே புகார். கடினநீரில் கழுவினால் தோலில் அந்தப் பிசுக்கு ஒட்டி ஒரு கரகரப்பு தெரியும். அதைத்தான் சுத்தம் என்று கை பழகியிருக்கிறது. மென்னீரில் பிசுக்கு இல்லை, அதனால் வழுக்கல் நீடிக்கிறது. இங்கே கிரீம் பாதி போதும்; நுரை மளமளவென்று எழுந்ததும் நிறுத்திவிடாமல் இன்னும் கொஞ்சம் சுற்றிக் கெட்டியாக்க வேண்டும், காற்று நுரை பிளேடைத் தாங்காது என்றார். கடைசியில் படிகாரக் கட்டியைக் கழுத்தில் தேய்த்துவிட்டார். ஆற்றுத் தண்ணீரைச் சுத்திகரிப்பு நிலையத்தில் தெளிய வைப்பதும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த அலுமினிய உப்புதான் என்பது, எரிச்சலில் நான் பல்லைக் கடித்தபோது ஞாபகம் வந்தது.

நுரை வெறும் அலங்காரம் அல்ல என்பதையும் அவர்தான் விளக்கினார். காய்ந்த முடி பிளேடுக்கு முரடு. இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரில் ஊறினால்தான் இளகும். நுரை அந்தத் தண்ணீரை முடியோடு பிடித்து வைக்கிறது. பிளேடுக்கும் தோலுக்கும் நடுவே வழுக்கலும் தருகிறது. நுரை செத்தால் பிளேடு இழுக்கும். திடமான கைக்கே வெட்டு விழும். நடுங்குகிற கைக்குக் கேட்கவே வேண்டாம்.

நான் தவறவிட்டது இதைத்தான். அப்பாவின் கை நடுங்குவது உண்மை. அன்று அவரைத் தோற்கடித்தது கை அல்ல. நடுக்கத்துக்கு அவர் ஒரு வருடமாக நுரையை வைத்தே ஈடு கட்டி வந்திருக்கிறார். கிண்ணத்தில் வழக்கத்தைவிட அதிக நேரம் சுற்றுவதைப் பார்த்திருக்கிறேன். வயதாகிவிட்டது, மெதுவாகிவிட்டார் என்று நினைத்தேன். அந்த ஒரு பிடிமானத்தைத் தண்ணீர் பறித்த காலையில், நான் பக்கத்தில் நின்று “நான் செஞ்சு விடறேன்” என்றேன்.

பெரியம்மா அப்படிச் சொல்லவில்லை. நான்காம் நாள் காலை, குடத்திலிருந்து ஒரு செம்பு நல்ல தண்ணீரைக் காய்ச்சித் துவைகல்லில் கொண்டுவந்து வைத்தார். “தம்பி, அந்தத் தண்ணி சோப்புக்கு ஆவாது. இதுல பண்ணிப் பாருங்க” என்றார். கையைப் பற்றி ஒரு சொல் இல்லை. அப்பா கொஞ்ச நேரம் செம்பையே பார்த்தார். பிறகு பிரஷை ஊற வைத்தார். கிண்ணத்தை முதலில் நன்றாகக் கழுவச் சொன்னார். பழைய பிசுக்கு இருக்கக் கூடாது என்று அவருக்கே தோன்றியிருக்கிறது. சுற்றினார். இரண்டு சொட்டு. சுற்றினார். வெள்ளை ஏறியது. கெட்டியானது. கிண்ணத்தைக் கவிழ்த்தார்.

விழவில்லை.

யாரும் கை தட்டவில்லை. பெரியப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அப்பா மழித்து முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. காதோரம் சின்னதாக ஒரு கீறல். “தண்ணிதான்டா” என்றார் என்னிடம், ரேசரைத் துடைத்துக்கொண்டே. இரண்டு தடவை சொன்னார்.

தமிழ்நாட்டுக்குப் பயணம் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. தங்கும் இடத்தில் நல்ல தண்ணீர் கேளுங்கள், ஒரு குவளை போதும். போர் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவிட்டுத் தெளிந்ததை எடுத்தாலும் சுண்ணாம்பு வகைக் கடினம் பெருமளவு இறங்கிவிடும். ஜிப்சம் போன்றவற்றிலிருந்து வந்தது மட்டும் கொதிக்கு அசையாது. போத்தல் தண்ணீர் வாங்கினால் சுத்திகரித்த குடிநீர் என்று இருப்பதைப் பாருங்கள். இயற்கைக் கனிம நீர் என்றால் பெயரிலேயே கனிமம் இருக்கிறது. விலை கூடக் கொடுத்து மறுபடி கால்சியத்தை வாங்குவானேன்? டப்பா நுரையும் உதவும், உள்ளேயே தன் தண்ணீரோடு வருவதால். அப்பா சம்மதிக்கமாட்டார் என்பது வேறு விஷயம்.

நடுக்கம் அதற்குப் பிறகு கொஞ்சம் கூடித்தான் இருக்கிறது. மறைப்பதற்கில்லை. நல்ல நாளில் அவரே முழுவதும் செய்துகொள்கிறார். கை ஒத்துழைக்காத நாளில் நுரை அவருடைய வேலை, பிளேடு என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் வாசல் திண்ணையில் உட்கார்ந்து கிண்ணத்தைச் சுற்றி முடித்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிடுவார். பூசுவதும் அவரே. நான் மழிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு குறை சொல்வார். மண்டோர் மாதிரி.

போன வாரம் பெரியம்மா தொலைபேசியில் பேசினார். வருகிற மாசிக்கும் கும்பிடு இருக்கிறதாம். “தம்பிகிட்ட சொல்லிடு ராசா, ரெண்டு கொடம் நல்ல தண்ணி தனியா புடிச்சு வெச்சிடறேன்” என்றார். சொன்னேன். அப்பா உள்ளே போய் கிண்ணத்தின் அடியைத் திருப்பிப் பார்த்தார். மங்கு ஓரிடத்தில் உதிர்ந்திருக்கிறது. “புதுசு வேணாம்,” என்றார். “பிரஷ் மட்டும் ஒண்ணு வாங்கு.”